வெட்டாத கத்திகள்

நம் வீட்டிலுள்ள கருவிகளுள் நாள்தோறும் தவறாமல் கையில் எடுக்கப்படுவது எது என்று கேட்டால், மாணவர்களாகிய நீங்கள் எழுதுகோல் என்பீர்கள். கைப்பேசி என்றும் சிலர் சொல்லக்கூடும். வீட்டில் சமைப்பவரைக் கேட்டுப் பாருங்கள்; கத்தி என்பார். காலைச் சிற்றுண்டிக்கு வெங்காயம், நண்பகல் குழம்புக்குக் காய், மாலையில் பழம், இரவில் மீண்டும் தக்காளி என்று ஒரே நாளில் பன்முறை கையேறும் கருவி அது. அத்தகைய கருவி எவ்வாறு அமைந்திருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் உற்றுப் பார்த்திருக்கிறோம்? கடையில் ஓர் அட்டையில் தொங்கியது, பளபளவென்று இருந்தது, விலையும் குறைவு, வாங்கி வந்தோம். சில நாளில் அது வெட்ட மறுத்தது. ஆயினும் அதையே வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காலந்தள்ளுகிறோம்.

இத்தகைய வெட்டாத கத்திகளைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். கத்தி ஒரு சிறு பொருள்தானே, அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சமுதாயம் தன் உழைப்பாளரின் கைகளை எவ்வளவு மதிக்கிறது என்பதை அறிய, அக்கைகளில் அது கொடுத்திருக்கும் கருவியைப் பார்த்தாலே போதும் என்பது முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணியில் இருந்த என்னுடைய கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், கத்தி எவ்வாறு வெட்டுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்து வருவது என்று இயற்பியலில் படித்திருக்கிறீர்கள். கையின் விசை ஒன்றேயாயினும், அது படும் பரப்புக் குறையக் குறைய அழுத்தம் மிகும். நன்கு தீட்டிய கத்தியின் வாய், ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அவற்றுள் ஒருசில பங்கே அகலமுடையது. அது மழுங்கிப் பத்து மடங்கு அகன்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே அழுத்தத்தைப் பெறக் கை பத்து மடங்கு விசையைத் தர வேண்டும். மழுங்கிய கத்தியால் காய் நறுக்குபவரின் மணிக்கட்டு ஏன் வலிக்கிறது என்பதற்கு விடை இந்த ஒரு வாய்பாட்டிலேயே இருக்கிறது.

வாயின் அகலம் மட்டுமன்று. அதன் கோணமும் நோக்கத்தக்கது. கத்தி ஓர் ஆப்பு. இரு பக்கங்களும் சரிந்து வந்து வாயில் கூடுகின்றன. பொதுவாகச் சமையற்கத்தியில் இச்சரிவு பக்கத்திற்கு 15 முதல் 20 பாகை வரை இருப்பது நலம். வாய்க்கு மேலே உள்ள அலகும் மெல்ல மெல்லவே தடிக்க வேண்டும். அலகு சட்டென்று தடித்துவிட்டால், வாய் கூராக இருப்பினும் பயனில்லை. கேரட்டை அது அரியாது, விறகைப் பிளப்பதுபோல் பிளந்துவிடும். கேரட் துண்டு 'டக்'கென்ற ஓசையுடன் தெறித்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது கேரட்டின் குற்றம் அன்று.

கூரான கத்தி ஆபத்தானது, மழுங்கிய கத்தி தீங்கற்றது என்று பலர் நம்புகின்றனர். குழந்தைகள் இருக்கும் வீட்டில் கத்தியைத் தீட்டாமலே வைத்திருப்பவர்களும் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. கூரான கத்தி தக்காளியின் தோலில் வைத்த இடத்திலேயே இறங்கும். மழுங்கிய கத்தியோ வழுக்கும். வழுக்குகிறது என்று நாம் மேலும் அழுத்துகிறோம். அவ்வளவு விசையோடு அது நழுவிச் செல்லும் திசையில் பெரும்பாலும் இருப்பது நம்முடைய இடக்கை விரல்தான்.

கண்ணீருக்கும் இதில் பங்குண்டு. வெங்காயத்தின் உயிரணுக்கள் சிதையும்போது, அவற்றுள் தனித்தனியே இருந்த பொருள்கள் ஒன்றுகலந்து, கண்ணைக் கரிக்கும் ஆவியை உண்டாக்குகின்றன. 2025-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெங்காயம் அரியப்படுவதை மிகுவிரைவுப் படக்கருவியால் படம்பிடித்து ஆராய்ந்தனர். மழுங்கிய அலகு வெங்காயத்தின் தோலை உடனே அறுப்பதில்லை; அதை முதலில் அழுத்தி வளைக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. தோல் கிழிந்தவுடன் சாற்றுத் துளிகள் மிகுதியாகவும் விரைவாகவும் மேலே தெறிக்கின்றன. கூரான அலகால் மெல்ல அரியும்போது இத்தெறிப்புக் குறைகிறது. நம் வீட்டில் சிந்தப்படும் வெங்காயக் கண்ணீரில் ஒரு பகுதி கத்தியின் குறையால் வருவது என்பதை இது காட்டுகிறது.

இனி, கடையில் எளிதாகக் கிடைக்கும் மலிவான கத்தி ஒன்றைக் கையிலெடுத்துப் பார்ப்போம். அதன் அலகு, ஒரே தடிப்புள்ள தகட்டை அச்சில் வைத்து வெட்டி எடுத்தது. முதுகிலிருந்து வாய்வரை மெலிந்து வரும் வடிவம் அதற்கு இல்லை; ஓரத்தில் மட்டும் சிறிது தேய்த்துவிட்டிருப்பார்கள். கூர் நிலைக்காது என்பது செய்தவருக்கே தெரியும். அதை மறைக்க, வாயில் அரம்போன்ற பற்களை வெட்டி, இதைத் தீட்டவே வேண்டியதில்லை என்று அட்டையில் அச்சிட்டுவிடுவதும் உண்டு. பற்கள் உள்ள கத்தி ரொட்டிக்கு ஏற்றது. பீன்ஸை அது கிழிக்கும். வீட்டிலுள்ள சாணைக்கல்லில் அப்பற்களைத் தீட்டவும் எளிதில் இயலாது.

அலகின் முதுகைத் தடவிப் பாருங்கள். வெட்டிய தகட்டின் ஓரம் அப்படியே கூர்விளிம்பாக இருக்கும். அரியும்போது ஆட்காட்டி விரல் ஊன்றுவது அங்கேதான். ஒரு மணி நேரம் காய் நறுக்கினால் விரலில் கோடு பதியும். ஓராண்டு நறுக்கினால் காய்ப்பு ஏறும். அவ்விளிம்பை அரத்தால் நான்கு முறை தேய்த்து உருட்டிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

அலகின் உயரத்தையும் பாருங்கள். வாய்க்கும் கைப்பிடிக்கும் இடையே போதிய உயரம் இல்லையாயின், வாய் பலகையைத் தொடுமுன் விரல் முட்டிகள் பலகையில் இடிக்கும். பழம் சீவுவதற்கென்று அமைந்த ஒடுங்கிய கத்தியைக் கொண்டே முட்டைக்கோஸ் முதல் கத்திரிக்காய்வரை யாவற்றையும் நறுக்கும் வீடுகளில் இத்துன்பம் நாள்தோறும் நிகழ்கிறது. நறுக்குபவர் அதற்கேற்பக் கையைத் திருகிக்கொள்கிறார். நாளடைவில் அத்திருகலே இயல்பாகிவிடுகிறது.

அடுத்து, கைப்பிடி. அலகின் வால்பகுதி கைப்பிடிக்குள் முழுநீளமும் சென்று, ரிவெட்டு ஆணிகளால் இறுக்கப்பட்டிருந்தால் கத்தி உறுதியாக இருக்கும். மலிவான கத்தியிலோ அவ்வால் ஒரு விரற்கடை அளவே உள்ளே சென்றிருக்கும். மிகுதி வெறும் குழல். பூசணிக்காயை அழுத்தும்போது கைப்பிடி ஒரு பக்கமும் அலகு ஒரு பக்கமுமாகப் பிரிவது இதனாலேயே. சில கைப்பிடிகளில் விரல்கள் பதியுமாறு அலை அலையாகப் பள்ளங்கள் வைத்திருப்பார்கள். காண்பவருக்கு அது பெரிய கரிசனமாகத் தோன்றும். அப்பள்ளங்கள் யாருடைய விரலுக்கு அளந்தவை? எந்தக் கைக்கும் அளந்தவை அல்ல. சிறிய கையுடையவருக்குப் பள்ளங்களுக்கு இடையேயுள்ள மேடுகளே விரலில் குத்தும். போதாக்குறைக்கு அலகின்மேல் பூ அச்சிட்டு, வண்ணம் பூசி அழகுபடுத்தியிருப்பார்கள். அந்த வண்ணம் சில திங்களில் உரிந்து காயோடு சேர்ந்து குழம்பிற்குள் போகும்.

இக்கத்தியை நான் அழகற்றது என்கிறேன். பூ அச்சிட்டது பிடிக்கவில்லை என்பதனால் அன்று. அதன் ஒவ்வோர் உறுப்பும் கடையில் நிற்பவரின் கண்ணுக்காக அமைந்திருக்கிறது. சமையலறையில் நிற்பவரின் கைக்காக ஓர் உறுப்பும் அமையவில்லை. பயன்படும் பொருளின் அழகு பயனோடு பிறப்பது. பயனைக் கைவிட்டுவிட்டு அழகை மட்டும் மேலே ஒட்டவைக்க முயலும்போதுதான் விகாரம் தோன்றுகிறது.

கத்தி வெட்டாமற்போனதற்குத் துருப்பிடிக்காத எஃகே காரணம், பழைய இரும்புக் கத்தியே நல்லது என்று முதியோர் சிலர் கூறுவர். இதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை அறிய, நாம் அந்த எஃகு பிறந்த ஊருக்குச் சென்று வர வேண்டும். இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்னும் நகரம் பல நூற்றாண்டுகளாகக் கத்திக்குப் பேர்போனது. அவ்வூரில் பன்னிரண்டு வயதிலேயே பள்ளியை விட்டு எஃகாலையில் வேலைக்குச் சேர்ந்து, தம் முயற்சியால் ஆராய்ச்சியாளராக உயர்ந்தவர் ஹாரி பிரியர்லி. துப்பாக்கிக் குழல்கள் விரைவில் அரித்துப்போவதைத் தடுக்க வழி காணும் பணி 1912-இல் அவரிடம் வந்தது. 1913 ஆகஸ்ட் 13-ஆம் நாள் அவர் உருக்கி வார்த்த எஃகில் ஏறத்தாழ 12.8 விழுக்காடு குரோமியம் இருந்தது. அது அமிலத்திற்கு எளிதில் இடங்கொடாததைக் கண்டார். துப்பாக்கிக்குத் தேடியது கத்திக்குப் பயன்படும் என்ற எண்ணம் அவருக்கு உடனே உதித்தது. கத்தி செய்வோரிடம் அதைக் கொடுத்துச் செய்து பார்க்கச் சொன்னார்.

அவர்கள் செய்து பார்த்தார்கள். கத்தி துருப்பிடிக்கவில்லை, ஆனால் வெட்டவும் இல்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லியை ஊரார் எள்ளி நகையாடினர். குறை எங்கே இருந்தது? பழைய எஃகை 800 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் காய்ச்சித் தோய்த்தால் அது கடினமாகும். புதிய எஃகுக்கு 1000 பாகையை ஒட்டிய வெப்பம் வேண்டும். கைத்தொழிலாளர் தாம் பழகிய முறையிலேயே காய்ச்சினர். ஆதலின் அது கடினமாகவில்லை. எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்னும் கத்தித் தொழில் வல்லுநர் பொறுமையோடு மீண்டும் மீண்டும் முயன்று அதன் இயல்பைக் கண்டுகொண்டார். நல்ல கத்திகள் பிறந்தன. வினிகரிலும் கறைபடாமை கண்டு 'கறைபடாத எஃகு' என்ற பொருளுடைய ஆங்கிலப் பெயரை அதற்கு இட்டவரும் அவரே.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? பொருளின்மேல் பழி இல்லை; பொருளின் இயல்பைக் கற்றுக்கொள்ளாமல் செய்தலே பழி. நம் வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்கும் பாத்திர எஃகை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாக்க இயலாது. கத்திக்குரிய எஃகு வேறு. அதில் கரியின் பங்கு மிகுதி. அது தோய்ச்சலில் கடினமாகும். மாணவர்கள் எளிதாகச் செய்யத்தக்க சோதனை ஒன்றைச் சொல்கிறேன். கத்தியின் அலகில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவே இல்லையாயின், அது பெரும்பாலும் பாத்திரத் தகட்டில் வெட்டிய கத்தி; கூர் நிலைக்காது. ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி என்று முடிவுகட்டிவிடலாகாது. மற்றவற்றையும் பார்த்தாக வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நம் நாட்டில் கருவிகளை நன்றாகச் செய்யத் தெரியாதா? நம் சமையலறையில் நெடுங்காலம் தலைமை தாங்கியது கத்தியன்று, அரிவாள்மணை. பேச்சு வழக்கில் அருவாமனை என்கிறோம். அதன் அமைப்பை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மற்றக் கத்திகளில் காய் அசையாமல் இருக்கும், கத்தி அசையும். அரிவாள்மணையிலோ கத்தி அசையாமல் நிற்கும், காய் அசையும். அமர்ந்திருப்பவரின் காலோ தொடையோ மணைப்பலகையை அழுத்திக்கொள்கிறது. ஆதலின் இரு கைகளும் காயைப் பிடிக்க விடுதலை பெறுகின்றன. சிறிய கீரைத்தண்டையும், இரண்டு கையாலும் பற்ற வேண்டிய பலாக்காயையும் ஒரே அலகில் அரியலாம். அரிந்தவை நேரே கீழேயுள்ள தட்டில் விழுகின்றன. அலகின் நுனியில் தேங்காய் துருவவும் பற்கள் வைத்திருப்பர். கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு வழுக்கும் மீனையும் அதில் வெட்டுவர். குறைகளும் அதற்கு உண்டு. நிமிர்ந்து நிற்கும் அலகு தவழும் குழந்தைக்கு ஆபத்து. மடக்கும் அரிவாள்மணை அதற்கு விடையாக வந்தது. முழங்கால் வலியுடையவர் தரையில் அமர இயலாது. அதற்கு அரிவாள்மணையிடம் விடை இல்லை.

இதை அமைத்தவர் யார்? ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதியர் இந்திய அரசின் அழைப்பின்பேரில் இங்கு வந்து, 1958-இல் ஓர் அறிக்கை அளித்தனர். இந்நாட்டில் தாம் கண்ட பொருள்களுள் அவர்கள் மிகவும் வியந்து பாராட்டியது, நம் செம்பைப் போன்ற லோட்டா என்னும் எளிய நீர்க்கலத்தை. எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், எந்த அளவுள்ள கை அதைத் தூக்கும், தலையிலா இடுப்பிலா கையிலா எடுத்துச் செல்வது, நிறைந்திருக்கும்போதும் குறைந்திருக்கும்போதும் அது எவ்வாறு நிற்கும், எப்படி ஊற்றுவது, எப்படிக் கழுவுவது என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கினர். ஒரு தனி மனிதர் வடித்தது அன்று, பல தலைமுறையினர் சேர்ந்து வடித்தது அது என்றும் கூறினர். அவ்வறிக்கையின் பயனாக 1961-இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. செம்பைக் குறித்துக் கேட்ட அக்கேள்விகளை அரிவாள்மணையை நோக்கிக் கேட்டால், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அது விடை சொல்லும். மேலே நாம் பார்த்த மலிவுக் கத்தியை நோக்கிக் கேட்டாலோ, அது வாய் திறவாது.

அவ்வாறாயின் இடையில் நடந்தது என்ன? சமையல் தரையிலிருந்து மேடைக்கு ஏறியது. எரிவாயு அடுப்பு வந்தது; நின்றுகொண்டு சமைக்கத் தொடங்கினோம். அது நல்ல மாற்றமே. மேடைமேல் அரிவாள்மணைக்கு இடமில்லை. அதன் இடத்தில் கத்தி வந்து அமர்ந்தது. ஆனால், கத்தியைத் தேர்ந்தெடுக்கும் அறிவும் தீட்டும் பழக்கமும் அதனுடன் வந்து சேரவில்லை. முன்பு அரிவாள்மணை செய்த கொல்லர் அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருந்தார். அலகு வளைந்தால் மறுநாளே அவர் உலைக்களத்து வாயிலில் போய் நின்று கேட்கலாம். பயன்படுத்துபவரின் குறை செய்பவரின் காதில் விழுந்தது. இன்று கத்தி செய்பவர் எங்கோ இருக்கிறார். நடுவில் மொத்த வணிகர், சில்லறை வணிகர் என்று பலர். குறை அவ்வளவு தொலைவு பயணம் செய்து அவர் காதை எட்டுவதில்லை.

இதனினும் அருகிலுள்ள காரணம் ஒன்றுண்டு. ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு ஒருமுறை ஒரு பயிற்சி கொடுத்தேன். வீட்டிலுள்ள கத்தியைப் பார்த்து ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதி வரச் சொன்னேன். யார் வாங்கியது என்பது முதற்கேள்வி. யார் பயன்படுத்துகிறார் என்பது இரண்டாவது. பெரும்பாலான விடைத்தாள்களில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர்கள் இருந்தன. வாங்கியவர் தந்தையாகவோ, திருமணத்திற்குப் பரிசளித்த உறவினராகவோ, ஏதோவொரு பொருளுடன் இலவசமாகத் தந்த கடைக்காரராகவோ இருந்தார். பயன்படுத்துபவர் அன்னையாகவோ பாட்டியாகவோ இருந்தார். இக்கத்தியில் எதை மாற்ற விரும்புகிறீர்கள் என்று அவரிடம் கேட்டு எழுதுக என்பது ஐந்தாம் கேள்வி. இதுவரை யாரும் தம்மை இவ்வாறு கேட்டதில்லை என்று பாட்டி சொன்னதாக ஒரு மாணவி எழுதியிருந்தாள்.

பள்ளியிலேயே இதை நான் மற்றோர் இடத்திலும் கண்டேன். 1982-இல் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகலில் உணவளிக்கும் அத்திட்டத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் இருநூறு பிள்ளைகளுக்குமேல் சாப்பிட்டார்கள். மேடையோடு கூடிய புதிய சமையற்கூடம் கட்டி, பாத்திரங்களுடன் கத்திகளும் வந்திறங்கின. மேலே சொன்ன குறைகளெல்லாம் அக்கத்திகளில் இருந்தன. சமையல் உதவியாளராகப் பணிபுரிந்த அம்மையார் நாள்தோறும் காலையில் கூடை கூடையாகக் காய் நறுக்க வேண்டும். சில திங்களுக்குப் பின் அவர் கத்தியைப் பார்த்தேன். அதன் கைப்பிடியில் பழைய புடைவைத் துணியைப் பல சுற்றுச் சுற்றி, நூலால் இறுகக் கட்டியிருந்தார். அலகின் முதுகில் ஆட்காட்டி விரல் ஊன்றும் இடத்திலும் ஒரு துணிப்பட்டை இருந்தது.

அந்தத் துணிச்சுற்றை ஒரு விமரிசனம் என்றே நான் கருதுகிறேன். நூலின் குறையை எழுத்தறிந்தவர் எழுத்தால் சொல்வர்; கத்தியின் குறையை அவர் துணியால் சொல்லியிருந்தார். எந்த இடத்தில் மெலிவு, எந்த இடத்தில் கூர்மை, எந்த இடத்தில் வழுக்கல் என்பதெல்லாம் அதில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தன. படிப்பதற்குத்தான் ஆள் இல்லை. ஈரத்தில் அத்துணி ஊறும். சோப்பிட்டாலும் முற்றும் தூய்மையாகாது. பிள்ளைகளின் உணவுக்கு அது ஏற்றதும் அன்று. அதற்காக அவரைக் கடிந்துகொண்டவர்களும் உண்டு. துணியைக் கழற்றச் சொன்னார்களேயன்றி, துணி எதற்காக என்று கேட்டார்களில்லை.

சந்தைப்பேட்டையில் இருந்த கொல்லர் ஒருவரிடம் ஒரு கத்தி அடித்துத் தரச் சொல்லலாம் என்று அவரிடம் கூறினேன். இருவரும் சந்தித்தபோது நான் உடனிருந்தேன். அந்த முதியவர் முதலில் கேட்டது பழைய கத்தியை. துணி எங்கே தடித்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். "மிகுதியாக நறுக்குவது என்ன காய், தாயி?" என்று கேட்டார். நின்றா, உட்கார்ந்தா என்று கேட்டார். கையை விரித்துக் காட்டச் சொல்லி, ஒரு சுள்ளியால் உள்ளங்கையின் அகலத்தை அளந்துகொண்டார். ஒரு வாரத்தில் வந்த கத்தியின் அலகு அகலமாக இருந்தது, முதுகு உருண்டிருந்தது, வேப்பமரக் கைப்பிடி கையை நிறைத்தது. துணி தேவைப்படவில்லை. நறுக்கும் வேலை முன்னைவிட விரைவில் முடிந்தது. மாலையில் மணிக்கட்டில் தைலம் தடவும் வழக்கத்தையும் அந்த அம்மையார் விட்டுவிட்டதாகச் சொன்னார். ஆனால், அது கரி எஃகு. துடைத்து எண்ணெய் தடவாவிட்டால் துருவேறும். வாழைக்காயை அதில் அரிந்தால் காயிலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் கூடிக் கறுக்கும். ஆதலின் வாழைக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் மட்டும் பழைய கத்தியை வைத்துக்கொண்டார். எந்தக் கருவியும் எல்லா வேலைக்கும் ஆகாது என்பதை அறிந்தவர் அவர்.

கேட்டுச் செய்தல் என்பது ஊர்க் கொல்லரால் மட்டுமே இயல்வது, பெருந்தொழிற்சாலையால் இயலாது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவரின் மனைவி பெட்ஸி மூட்டுவாதத்தால் கை நொந்தவர். காய்களின் தோல் சீவும் கருவியின் மெல்லிய உலோகக் கைப்பிடியைப் பற்ற அவர் வருந்துவதைக் கணவர் கண்டார். வடிவமைப்பாளருடன் சேர்ந்து, பருத்த, மென்மையான, ஈரத்திலும் வழுக்காத கைப்பிடியுள்ள கருவிகளை 1990-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நோயுற்ற கைக்காக அமைந்தது நலமுள்ள கைக்கும் இனிதாயிற்று. அக்கருவி உலகெங்கும் பரவியது. நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத்திலும் இடம்பெற்றது. பூ அச்சிடாமலே அதற்கு அழகு வாய்த்தது.

இனி, நீங்கள் செய்யத்தக்கவை சில. கத்தி வாங்கும்போது, பயன்படுத்துபவரையே உடன் அழைத்துச் செல்லுங்கள். அட்டையில் கட்டியிருந்தாலும் அவிழ்த்துக் கையில் பிடித்துப் பார்க்கக் கேளுங்கள். அலகு முதுகிலிருந்து வாய்நோக்கி மெலிகிறதா, முதுகு விரலை உறுத்துகிறதா, முட்டிகள் பலகையில் இடிக்குமா, அலகின் வால் கைப்பிடி முழுதும் செல்கிறதா என்று பாருங்கள். அலகும் கைப்பிடியும் கூடும் இடத்தில் இடுக்கு இருந்தால் அழுக்குச் சேரும். ஆறு கத்திகள் கொண்ட பெட்டியைவிட, அதே விலைக்கு நல்ல கத்தி ஒன்று மேலானது.

வாங்கியபின் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள். சாணைக்கல்லை நீரில் நனைத்து, ஒரே கோணத்தை மாற்றாமல் இரு பக்கமும் சமமாகத் தீட்ட வேண்டும். கல் இல்லையாயின், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அதன் அடியில் மெருகு பூசாத சொரசொரப்பான வளையம் ஒன்று தெரியும். அவசரத்திற்கு அதுவும் உதவும். முதன்முறை தீட்டும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். கண்ணாடியின்மேலும் கருங்கல்லின்மேலும் வைத்து நறுக்காதீர்கள், வாய் மடிந்துவிடும். மரப்பலகை நல்லது. நுரை நிறைந்த கழுவுதொட்டியில் கத்தியை மூழ்கவிட்டுச் செல்லாதீர்கள். அடுத்துக் கைவிடுபவர்க்கு அது தெரியாது. பிறரிடம் கொடுக்கும்போது கைப்பிடியை அவர் பக்கம் வைத்துக் கொடுங்கள். கை தவறி விழும் கத்தியைப் பிடிக்க முயலாமல் விலகி நில்லுங்கள்.

உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் தொழில் நடத்துவீர்கள். சிலர் அலுவலகத்தில் அமர்ந்து, நீங்கள் ஒருநாளும் பயன்படுத்தப் போகாத பொருள்களைப் பிறருக்காக ஆயிரக்கணக்கில் வாங்கும் ஆணையில் கையொப்பம் இடுவீர்கள். துடைப்பத்தின் நீளம், தையல் எந்திரத்தின் இருக்கை, மருத்துவமனைக் கட்டிலின் உயரம் என்று எத்தனையோ உங்கள் முடிவுக்கு வரும். அவற்றை நாள்தோறும் கையாளப்போகிறவர் உங்கள் அறைக்குள் வந்து குறை சொல்லமாட்டார். பெரும்பாலும் அவர் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்வார்.

ஆதலால் இன்றிரவே ஒரு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் வீட்டுக் கத்தியைக் கையில் எடுங்கள். அதைக் கொண்டு நாளும் உழைப்பவரிடம் சென்று, இதில் எதை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்வதை இடையில் பேசாமல் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் கத்தியைத் தீட்டிக் கொடுங்கள்.